துடிக்கிறவனுக்கு ஓர் இலை

“கேக்கறது ஊரோட வேலை. சொல்றது வாஞ்சியோட வேலை. பொறந்ததுலேர்ந்து இந்த வாஞ்சிநாதன் ஒருத்தர்கிட்ட ஒரு சந்தேகம் கேட்டதில்லை ஓய், இனிமே கேக்கப்போறதும் இல்லை!”

மட்டாஞ்சேரியில் செர்லாய்ப் பக்கத்துச் சமூக மண்டபத்தில், ஆண்டு விழா மேடையில் நின்று, ஒலிபெருக்கி கீச்சிட வாஞ்சிநாதன் இதைச் சொன்னது சொற்பொழிவின் முடிவில். பேச ஆரம்பித்தபோது முன்வரிசை பாதி தூக்கத்தில் இருந்தது. விருந்தில் பாலடைப் பிரதமன் பாயசத்துக்கு அப்புறம் வைத்த சொற்பொழிவு அப்படித்தான் ஆகும். அன்றைய தலைப்பு, “குளோனிங்: நம் முன்னோர் செய்யாததா?” செய்ததுதான் என்று அவர் நிரூபித்துவிட்டார். ஒரு சதைப் பிண்டம், நூறு குடம், கொஞ்சம் நெய், நூறு பிள்ளைகள். வெள்ளைக்காரன் ஆட்டுக்குட்டியோடு நின்றுவிட்டான். நாம் ராஜகுமாரர்களையே செய்து பார்த்தாயிற்று. கைதட்டல் எழுந்தது. தூங்கினவர்களும் விழித்துக்கொண்டு தட்டினார்கள்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து, பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்திலிருந்து, ஒரு குரல் வந்தது.

“அப்பா, ஒரு சந்தேகம். நூறு பேரும் ஒரே பிண்டத்துலேர்ந்து வந்தவா. அப்போ திவசத்துக்கு ஒரு இலை போட்டாப் போறுமா, நூறு இலை...”

“நூறு இலை!” என்றார் வாஞ்சிநாதன், கேள்வி முடியும் முன்பே. “பிண்டம் ஒண்ணானாலும் வயிறு வேற. வயிறு வேறன்னா இலை வேற. உக்காரு.”

மண்டபம் சிரித்தது. கேட்டவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். அவன் அவருடைய ஒரே மகன், ஹரிஷங்கர். பிள்ளையை எல்லார் முன்னாலும் மடக்கிய உற்சாகத்தில்தான் மேலே சொன்ன பிரகடனம் வெளிப்பட்டது.

வாஞ்சிநாதன் புரோகிதர் அல்ல. வேதம் முறையாகப் படித்தவரும் அல்ல. கப்பல் சரக்கு இன்ஷூரன்ஸில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பஜார் ரோட்டுக் கிடங்குகளில் நனைந்துபோன மிளகு மூட்டையை அவர் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு மணியை வாயில் போட்டு மென்று, உப்புக் கரிக்கிறதா என்று பார்த்துவிட்டு, “இது கடல்ல நனைஞ்சதில்லை ஓய், உம்ம கூரையில நனைஞ்சது” என்று அவர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. வேலைக்காலம் முழுக்கத் தீர்ப்புச் சொல்லிப் பழகிய நாக்கு, பென்ஷன் வந்த மறுநாள் சும்மா இருக்குமா? மிளகை விட்டுவிட்டு தர்மத்துக்கு மாறிற்று.

அவர் குடியிருந்த சந்துக்கும் அது சௌகரியமாக இருந்தது. புரோகிதரைக் கேட்டால் நீட்டி முழக்குவார். வாஞ்சி மாமாவைக் கேட்டால் ஒரே வரி. நியூஜெர்ஸியில் இருக்கிற பிள்ளை அப்பாவின் திதியை எந்த ஊர்க் கணக்கில் பார்ப்பது? செத்த ஊர்க் கணக்கில் இல்லை, சமைக்கிற ஊர்க் கணக்கில். பெரியப்பாவின் தகனத்தை வீடியோவில் பார்த்தால் தீட்டு உண்டா? தலைக்குக் குளிக்க வேண்டாம். போனை மட்டும் துடைத்தால் போதும். ஓட்ஸ் பாலில் அபிஷேகம் பண்ணலாமா? பால் என்றால் மடி வேண்டும்; ஓட்ஸுக்கு மடி எங்கே இருக்கிறது, காட்டு.

எல்லாவற்றிலும் பெயர் போனது உருளைக்கிழங்குத் தீர்ப்பு. பக்கத்து வீட்டுக் கனகாம்பாள் மாமி, செத்துப்போன தன் வீட்டுக்காரருக்கு உருளைக்கிழங்கு என்றால் கொள்ளை ஆசை, திவசத்தில் ஒரு கரண்டி வைக்கலாமா என்று கேட்டாள். “கப்பலேறி வந்த காய் பித்ருக்களுக்கு ஆகாது. வாழைக்காய் வை” என்று தீர்ப்பாயிற்று. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாழைக்காய் நறுக்கினாள். வாஞ்சிநாதனுக்கு அதில் பெருமைதான். கண்ணீருக்கு இளகினால் நாளைக்கு மிளகு வியாபாரியும் அழுதுகாட்டுவான் அல்லவா?

வீட்டிலும் இதே சட்டம். மனைவி காமாக்ஷியை அவர் கேட்டதெல்லாம் “காப்பி ஆச்சா?” ஒன்றுதான். அதுவும் கேள்வி இல்லை, நினைவூட்டல். ஹரிக்கும் அவருக்கும் சண்டையே கிடையாது. பேச்சு நீண்டால்தானே சண்டை வரும்? அவன் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிடும். பள்ளிக்கூட நாளில் அவனுக்குக் கேள்விகள் நிறைய இருந்தன. பிறகு குறைந்தன. வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தில் வேலை கிடைத்து, திரையில் பெட்டிகளை நகர்த்தும் உத்தியோகத்துக்குப் போன பிறகு, சாப்பாட்டு வேளையில் “ஷெரி அப்பா” என்பதோடு சரி. மண்டபத்தில் கேட்டதுதான் ரொம்ப நாளைக்கு அப்புறம் கேட்ட கேள்வி. கடைசிக் கேள்வியும் அதுவாகவே போயிற்று.

ஹரியின் இதயத் தசை தடித்துக்கொண்டே போகிறது என்று முதலில் கண்டுபிடித்தது ஒரு டாக்டர். அதைப் புரியும்படி சொன்னது அவன் அக்கா ஸுப்ரியா. அவள் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இந்த மாதிரி இதயங்களைப் பற்றித்தான் வேலை செய்கிறாள். இதேபோல் இதயமுள்ள பிள்ளைகளுக்கு மருந்து தேட உதவும் என்று, தம்பியின் முழங்கையிலிருந்து பட்டாணி அளவுக்குத் தோல் எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்டாள்.

“எடுத்துக்கோ அக்கா” என்றான் ஹரி. “ஒரு ஹரி ஆபீஸ் போவான். ஒரு ஹரி உன்கூட பெங்களூர்ல சுத்துவான்.”

ஆபீஸ் போகிற ஹரி போன வருஷம் மழை விட்டிருந்த ஒரு காலையில், வல்லார்பாடத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, முனையத்தின் கேட்டுக்கு முன்னால் மூச்சு வாங்க உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. இருபத்தாறு வயது.

வாஞ்சிநாதன் யாரையும் கேட்கவில்லை. வேறு ஆளில்லாத வீட்டில் பிள்ளைக்கு அப்பனே செய்யலாம் என்று முன்பு யாருக்கோ தாம் சொன்ன தீர்ப்பையே எடுத்துத் தமக்கு வைத்துக்கொண்டார். பவித்திரத்தை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் செய்து முடித்தார். ஒரு மந்திரம் தடுக்கவில்லை. சந்து அசந்துபோயிற்று. “கல்லு மாதிரி நின்னார் மனுஷன்” என்றார்கள். கல்லுக்கு அது பாராட்டு என்று பட்டிருக்கும்.

தொல்லை வருஷாப்தீகத்தில், முதல் வருஷத் திவசத்தில், வந்தது. அதற்காக ஸுப்ரியா லீவு போட்டு வந்தவள், பேச்சில்லாமல் கிடக்கிற அம்மாவுக்கு ஆறுதலாக இருக்குமென்று நினைத்து ஒரு காரியம் செய்தாள். படித்தவர்கள் செய்கிற தப்பு எப்போதும் நல்ல எண்ணத்தில்தான் இருக்கும்.

“அம்மா, ஒண்ணு காட்டறேன். பயப்படக் கூடாது, கேட்டியா?”

போனில் ஒரு படம் ஓடிற்று. குளத்துப் பாசி மாதிரி சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் சுருங்கிற்று, விரிந்தது. மறுபடி சுருங்கிற்று.

“என்னடி இது, மீன்குஞ்சா?”

“ஹரிம்மா. அவன் கைத்தோலை எடுத்தோமே, அதைப் பக்குவப்படுத்தி ஹார்ட் செல்லா மாத்தினது. தட்டுல போட்டு வெச்சிருக்கோம். தானாவே துடிக்கறது. யாரும் அதைத் துடிக்கச் சொல்லலை.”

காமாக்ஷி அழவில்லை. போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, படம் முடிய முடியத் திரும்பவும் போட்டுப் பார்த்தாள். சார்ஜ் தீர்ந்து திரை கறுத்தபோதுதான் தலையைத் தூக்கினாள்.

“இதுக்கு என்ன குடுப்பேள்?”

“சர்க்கரையெல்லாம் சேர்ந்த ஒரு திரவம்மா. பழசை எடுத்துட்டுப் புதுசு விடணும்.”

“யாரு விடுவா?”

“நான்தான். நான் இல்லாதப்போ கூட வேலை பார்க்கற பொண்ணு.”

காமாக்ஷி, நல்ல தக்காளி எங்கே கிடைக்கும் என்று கேட்கிற குரலில் கேட்டாள்: “தோல்லேர்ந்து ஹார்ட் பண்ணத் தெரிஞ்சவாளுக்கு, பாக்கியையும் பண்ணத் தெரியாதா? வெளிநாட்டுல செத்த நாயைத் திருப்பிப் பண்ணிக் குடுக்கறான்னு டிவில காட்டினானே.”

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வாஞ்சிநாதன் பக்கத்தைத் திருப்பவில்லை.

“பண்றா அம்மா. நாய்ல பண்றா, ஆட்டுல பண்றா. ஒரு குட்டி பொழைச்சு நிக்கறதுக்கு எத்தனை வயித்துல கலையறதுன்னு நோக்குத் தெரியுமா? மனுஷாள்ல அதைப் பண்ணவே கூடாதுன்னு தடை இருக்கு.”

“கலைஞ்சா கலையட்டும். என் வயித்துல வையுங்கோ.”

“அம்மா, உன் வயசென்ன?”

“பின்னே உன் வயித்துல வை.”

ஸுப்ரியா அம்மா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். “வெச்சாலும் வர்றவன் ஹரி இல்லைம்மா. ஹரியோட ரெட்டைப் பொறவி மாதிரி வேற ஒருத்தன். உன்னைத் தெரியாது, என்னைத் தெரியாது. ஹரி மாதிரி சிரிக்கலையேன்னு நாம தினம் அவன் மூஞ்சியைப் பாத்துண்டிருப்போம். அவன் என்ன பாவம் பண்ணினான்? அதுக்கும் மேல...” அவள் குரல் இறங்கிற்று. “அதே ரத்தம்னா அதே ஹார்ட்டும்தான். அவனும் ஒரு நாள் எங்கயாவது ஒரு கேட்டு முன்னாடி உக்காருவான். உட்கார வெக்கறதுக்குன்னே ஒருத்தனைப் பெத்துக்கலாமா?”

காமாக்ஷி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பேப்பருக்குப் பின்னால் நடந்தது யாருக்கும் தெரியாது. தடை, பாவம், ரத்தம் எல்லாம் அவர் காதில் விழுந்தன. ஆனால் மேடையில் நூறு குடங்களை அடுக்கிய அந்த மூளை, தன் வீட்டில் ஒரே ஒரு குடத்தை வைத்துப் பார்த்துவிட்டது. அதற்குள் ஒரு குழந்தை. அது வளர்ந்து, பேச்சு வந்து, “அப்பா, ஒரு சந்தேகம்” என்கிறது. இந்தத் தடவை அது கேட்டு முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று வாஞ்சிநாதன் தீர்மானம் பண்ணிக்கொண்டார். அப்புறம் ரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிட்டோம், அதனால்தான் இப்படியெல்லாம் தோன்றுகிறது என்று எழுந்துபோய் அதை விழுங்கினார்.

காமாக்ஷியின் தீர்ப்பு அன்று சாயங்காலம் வந்தது. அவள் கொடுத்த முதல் தீர்ப்பு.

“திரும்பப் பண்ண முடியாதுன்னா வேண்டாம். ஆனா ஹார்ட்டு துடிச்சிண்டிருக்கறவனுக்குத் திவசச் சமையல் பண்ண என்னால முடியாது. உசிரோட இருக்கறவனுக்கு யாராவது எள்ளும் ஜலமும் விடுவாளா?”

வாஞ்சிநாதன் வாயைத் திறந்தார். ஒரே வரிப் பதில் வர வேண்டிய இடம். வரவில்லை. “பாத்துச் சொல்றேன்” என்றார். இது அவர் அகராதியில் இல்லாத வாக்கியம்.

செய்தி சந்துக்குள் பரவிற்று. திவசம் செய்துவைக்க வேண்டிய நூரணி வாத்தியார் போன் பண்ணினார். “நேக்கென்ன மாமா தெரியும்? இந்த மாதிரி கேஸெல்லாம் நீங்கதானே சொல்வேள். நீங்க பண்ணலாம்னா வர்றேன், வேண்டாம்னா வைப்பின்ல ஒரு கிருகப்பிரவேசம் இருக்கு.” இத்தனை நாள் ஊருக்கு வீசிய பூமராங் ஒவ்வொன்றும் ஒரே நாளில் வீடு திரும்பினால் இப்படித்தான் இருக்கும்.

மறுநாள் பஜார் ரோட்டில் கமாலுதீன் கடையில் போய் உட்கார்ந்தார். ராவுத்தர் கமாலுதீனுக்கு உள்ளியும் உருளைக்கிழங்கும் மொத்த வியாபாரம். இருவரும் நனைந்த மூட்டைக் காலத்திலிருந்து சிநேகிதர்கள். அதாவது, ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணாமல் சாயா இறங்காது.

“ஒரு கேஸ் வந்திருக்கு ராவுத்தரே” என்றார் வாஞ்சிநாதன். கேட்கவில்லை, செய்தியாகச் சொன்னார். “ஒருத்தன் போயிட்டான். ஆனா அவனோட ஒரு துண்டு வேற ஊர்ல உசிரோட இருக்கு. அவன் போயிட்டானா, இல்லையாங்கறது விஷயம்.”

யாருடைய கேஸ் என்று கமாலுதீனுக்குத் தெரியாதா? மட்டாஞ்சேரியில் ஆட்டுக்குக்கூடத் தெரிந்திருந்தது. ஆனாலும் அவர் தாடியைச் சொறிந்துகொண்டு, கேள்விப்படாத விஷயம்போலக் கேட்டுக்கொண்டார்.

“நம்ம மச்சான் ஒருத்தன், சாமி. மர மில்லுல ஒரு விரல் துண்டாப் போச்சு. விரலைத் துணியில சுத்திப் பள்ளிக்காட்டுல கொண்டுபோய் அடக்கினோம். ஆளு இதோ எதிர்த்த கடைல பொறோட்டா தின்னுக்கிட்டிருக்கான். விரல் மௌத்தாச்சுன்னு ஆளுக்கு யாரும் ஃபாத்திஹா ஓதல.”

வாஞ்சிநாதன் முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. “மதி ராவுத்தரே, மதி! இது போறும். துண்டு செத்தா ஆள் சாகலை. அப்போ துண்டு இருந்தா ஆள் இருக்கறதா அர்த்தம் இல்லை. அடிச்சீரே!”

“நான் எங்க அடிச்சேன்? விரல் கதை சொன்னேன்.” அவர் எழுந்ததும் கமாலுதீன் குரலைத் தாழ்த்தினார். “சாமி, வீட்ல ஜலீலா விசாரிக்கச் சொன்னா. காமாக்ஷியம்மா சோறு திங்கிறாங்களா?”

“திங்கறா, திங்கறா” என்றார் வாஞ்சிநாதன் படியிறங்கிக்கொண்டே. தெருமுனை வந்த பிறகுதான், அது தமக்குத் தெரியாது என்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அடுக்களை வாசலில் நின்று விரல் நியாயத்தை விரிவாக எடுத்துரைத்தார். மேற்கோள்கள், எதிர்வாதம், முடிவு. காமாக்ஷி முழுக்கக் கேட்டாள்.

“விரல் துடிக்கலையே” என்றாள்.

கேஸ் தள்ளுபடி.

திதி விடிந்தது. வைப்பின் கிருகப்பிரவேசத்தை விட்டுவிட்டு நூரணி வாத்தியார் வந்துவிட்டார். என்ன இருந்தாலும் ஹரியின் பூணூல் கல்யாணம் பண்ணிவைத்தவர். கூடத்தில் தர்ப்பை, எள், இரண்டு பலகை. அடுக்களையில் அடுப்பு பற்ற வைக்கப்படவில்லை. தரையில் சுவரோரமாகக் காமாக்ஷி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் நேற்று வாங்கிய வாழைக்காய் நாலு அப்படியே கிடந்தது.

ஈர வேஷ்டியோடு நின்ற வாஞ்சிநாதன் மகளிடம் கையை நீட்டினார். “அந்தப் படத்தைக் குடு.”

அதுவரை அவர் அதைப் பார்த்ததில்லை. வெறும் மாம்சம் என்று பார்க்காமலே தீர்த்திருந்தார். ஸுப்ரியா போட்டுக் கொடுத்தாள். சாம்பல் பாசி. நடுவில் ஓர் இடம் சுருங்கிற்று, விரிந்தது, சற்று நின்றது, மறுபடி சுருங்கிற்று. ஏதோ சொல்ல ஆரம்பித்து, யாரோ குறுக்கே பேசியதால் நிறுத்தி, திரும்ப ஆரம்பிக்கிற மாதிரி இருந்தது.

உதட்டில் உப்புக் கரித்தது. கடலா, கூரையா என்று நாக்கு பழக்கத்தில் தீர்ப்புச் சொல்லப் பார்த்தது. சொல்லவில்லை.

“மாமா, நாழியாறது” என்றார் வாத்தியார். “சாஸ்திரம் என்ன சொல்றது? பண்ணலாமா, வேண்டாமா?”

வாஞ்சிநாதன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போனார். காமாக்ஷிக்கு எதிரே, தரையில், வேஷ்டி நனைத்த ஈரத்திலேயே உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை; நகர்ந்து இடம் விட்டாள்.

“காமாக்ஷி.”

“ம்.”

“நேக்குத் தெரியலை. என்ன பண்ணட்டும், நீ சொல்லு.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் வந்த முதல் கேள்வி. எப்படிக் கையாள்வது என்று அவளுக்கும் பழக்கமில்லை.

“அன்னிக்கு மண்டபத்துல ஹரி கேட்டானே” என்றாள் மெதுவாக, “ஒரு இலையா, நூறு இலையான்னு. வயிறு வேறன்னா இலை வேறன்னு நீங்கதானே சொன்னேள். நேத்து முழுக்க அதையே நெனைச்சிண்டிருந்தேன். அங்க துடிக்கறதுக்கு ஸுப்ரியா சாப்பாடு போடறா. நாம போடலேன்னாலும் அது பட்டினி கிடக்காது. ஆபீஸுக்குன்னு பொறப்பட்டுப் போனானே... அவனுக்கு யாரு போடுவா?”

வெளியே எங்கோ ஒரு காக்கை கரைந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். அரிசி களைந்து வைத்தாள். பிறகு ஒரு வாழைக்காயை எடுத்து, கத்தியை எடுத்து, அப்படியே நின்றுவிட்டாள்.

“என்ன?”

“அவன் வாழைக்காய் தொட மாட்டான்.”

வாஞ்சிநாதன் தலை குனிந்தார். இருபத்தாறு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன். பித்ருக்களுக்கு எந்தக் காய் ஆகும், எந்தக் காய் ஆகாது என்று வரிசை பிசகாமல் சொல்லத் தெரிந்தவருக்கு அந்த ஓர் இலையில் என்ன மிஞ்சும், என்ன மிஞ்சாது என்று ஞாபகம் வரவில்லை.

“அவனுக்கு என்ன பிடிக்கும், காமாக்ஷி?”

“உருளைக்கிழங்கு ரோஸ்ட்டு. நன்னா முறுகலா. அடியில ஒட்டிண்டிருக்குமே, அதைச் சொரண்டி எடுத்துண்டு போவான்.”

சொல்லிவிட்டு அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். வருஷம் முழுக்க வராதது அப்போது வந்தது. வாஞ்சிநாதன் ஸுப்ரியாவைக் கமாலுதீன் கடைக்கு அனுப்பினார். அவள் திரும்பியபோது பை கனமாக இருந்தது. யார் வீட்டில் எதற்கு என்று ராவுத்தர் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம், நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டாராம்.

கழுவின கிழங்குகள் தாம்பாளத்தில் உருளும் சத்தம் கேட்டு, கூடத்திலிருந்து வாத்தியார் எட்டிப் பார்த்தார். அவருக்கு விழி பிதுங்கிற்று.

“மாமா! உருளைக்கிழங்கா? திவசத்துக்கா? கனகாம்பாள் மாமிக்குக் கூடாதுன்னு சொன்னது நீங்களாக்கும்! இது சேர்க்கலாமோ?”

வாஞ்சிநாதன் கையில் ஒரு கிழங்கும் கத்தியும் இருந்தன. எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்திருந்தார்.

“இருங்கோ” என்றார். “கேட்டுச் சொல்றேன்.”

பிறகு காமாக்ஷி பக்கம் திரும்பி, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்கிற வரைக்கும் பேசாமல் இருந்தார்.